லினாத்தே ஓடுபாதை விபத்து (2001)

2001 அக்டோபர் 8 அன்று காலை, இத்தாலியின் மிலான் நகருக்கு அருகிலுள்ள லினாத்தே விமான நிலையத்தில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதிக்கொண்டன. 118 பேர் உயிரிழந்தனர். இத்தாலிய மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளில் மிக அதிக உயிர்களைப் பறித்தது இதுவே. மோதிய விமானங்களில் ஒன்று கோபன்ஹேகன் செல்லப் புறப்பட்ட பெரிய பயணிகள் விமானம். மற்றொன்று நான்கே பேர் அமர்ந்திருந்த சிறிய வணிக ஜெட். மூடுபனியில் தவறான பாதையில் திரும்பிய அந்த ஜெட், தான் எங்கே நிற்கிறது என்பதை அறியாமலேயே ஓடுபாதைக்குள் நுழைந்தது.

தொழிலதிபர்களையும் நிறுவன அதிகாரிகளையும் ஏற்றிச் செல்லும் வணிக ஜெட் விமானிகளுக்கு இன்று ஐரோப்பாவில் சொல்லப்படும் அறிவுரைகள் பலவற்றையும் இந்த விபத்தின் துணையோடுதான் விளக்க முடிகிறது. பயணிகள் விமானத்தின் விமானி ஒரே சில நிலையங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்வருவார். வணிக ஜெட் விமானிக்கோ நாளை எந்த ஊர் என்பது இன்று மாலைதான் தெரியவரும். லண்டன் சிட்டி, சுவிட்சர்லாந்தின் சமேதான் போன்ற கடினமான நிலையங்களுக்குத் தனிப் பயிற்சியோ அனுமதியோ தேவைப்படுகிறது. லினாத்தே அப்படிப்பட்டதன்று. போ ஆற்றுச் சமவெளியில் தட்டையாகக் கிடக்கும் சாதாரண நிலையம் அது. அங்கே ஆபத்து காத்திருந்தது வானத்தில் அல்ல, தரையில்.

நிலையத்தின் அமைப்பு

லினாத்தேயில் பயணிகள் முனையமும் அதன் முன்னுள்ள பெரிய நிறுத்துதளமும் ஒரு பக்கம் இருந்தன. சிறிய விமானங்களுக்கான மேற்கு நிறுத்துதளம் ஓடுபாதைக்கு மறுபக்கம் இருந்தது. மேற்கிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு முன்னால் இரண்டு டாக்ஸிவேக்கள் பிரிந்தன. டாக்ஸிவே என்பது விமானம் தரையில் ஊர்ந்து செல்லும் வழி. இடப்பக்கம் பிரிந்த ஆர் 5 வடக்கே சென்று, ஓடுபாதையின் முனையைச் சுற்றிக்கொண்டு பெரிய நிறுத்துதளத்தை அடைந்தது. வலப்பக்கம் பிரிந்த ஆர் 6 தென்கிழக்கே சென்று முதன்மை ஓடுபாதையை நேராகக் குறுக்கிட்டது. மூடுபனி நாட்களில் ஆர் 5 மட்டுமே பயன்பட வேண்டும் என்பது விதி. ஆனால் இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய தரைக்குறிகளும் பலகைகளும் சர்வதேசத் தரத்தில் இல்லை.

தரை ரேடார் இருந்திருந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரம் பிழையைக் கண்டிருக்கும். பழைய ரேடார் 1999ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக வர வேண்டிய புதியது இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. அனுமதியின்றி ஓடுபாதையை நெருங்கும் வாகனங்களை உணரும் கருவிகளும் விபத்துக்கு முன்பே செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன. கட்டுப்பாட்டாளருக்கு எஞ்சியிருந்தவை சன்னலுக்கு வெளியே வெள்ளைப் பனியும், காதில் கேட்கும் குரல்களும்தான்.

அன்று காலை

செஸ்னா சைட்டேஷன் சிஜே2 வகையைச் சேர்ந்த அந்த ஜெட், ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து உள்ளூர் நேரம் காலை 7 மணிக்குச் சற்று முன் லினாத்தேயில் இறங்கியது. அவ்வளவு குறைந்த பார்வைத் தொலைவில் இறங்குவதற்கான தகுதி அதன் விமானிகளுக்கு இல்லை என்று பின்னர் தெரியவந்தது. அதை அப்போது யாரும் சோதிக்கவில்லை. இறங்கிய ஜெட் ஆர் 6 வழியாகத்தான் மேற்கு நிறுத்துதளத்துக்கு வந்தது. இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்குப் பின் அதே விமானிகள் பனிக்குள் கிளம்பியபோது, அந்த நிலையத்தில் அவர்கள் அன்று கண்டிருந்த ஒரே வழி அதுவாகவே இருந்தது.

இரண்டு பயணிகளுடன் பாரிஸின் லெ பூர்ஜே நிலையத்துக்குச் செல்ல அவர்கள் அனுமதி கேட்டார்கள். ஆர் 5 வழியாக வடக்கே சென்று, முதன்மை ஓடுபாதையின் நீட்சியில் உள்ள நிறுத்தக் கோட்டருகே மீண்டும் அழைக்கும்படி கட்டுப்பாட்டாளர் சொன்னார். விமானி அதைத் திரும்பச் சொன்னார். திரும்பச் சொன்னதில் ஆர் 5 இருந்தது. ‘வடக்கு’ இல்லை, ‘நீட்சி’யும் இல்லை. ஓடுபாதையை அடையும் முன் அழைப்பதாக மட்டும் கூறினார். இந்த வேறுபாட்டைக் கட்டுப்பாட்டாளர் திருத்தவில்லை. ஜெட் நகர்ந்து, வலப்பக்கம் ஆர் 6இல் திரும்பியது.

எஸ் 4

சிறிது தூரம் சென்றதும் விமானிகள் தரையில் ‘எஸ் 4’ என்ற குறியைக் கண்டு, அதை நெருங்குவதாகத் தெரிவித்தனர். விபத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அந்தக் குறி ஆர் 6இன் மேல் இருந்தது. ஆனால் வெளியிடப்பட்ட எந்த வரைபடத்திலும் அது இல்லை. கட்டுப்பாட்டாளருக்கும் அப்படி ஒரு குறி இருப்பது தெரியாது. அவர் இருப்பிடத்தை உறுதிசெய்யும்படி கேட்டார். ஓடுபாதையை நெருங்குவதாகவும் எஸ் 4 என்றும் மீண்டும் பதில் வந்தது. உண்மையில் விமானிகள் தாங்கள் நின்ற இடத்தைச் சரியாகவே சொன்னார்கள். கேட்டவரின் மனத்திலோ அந்த ஜெட் வடக்கே ஆர் 5இல் இருந்தது. முதலில் நிறுத்தக் கோட்டில் நிற்கச் சொன்ன அவர், பின்னர் பெரிய நிறுத்துதளத்துக்குத் தொடர்ந்து வரச் சொன்னார். வடக்கே இருக்கும் விமானத்துக்கு அது பிழையற்ற ஆணை.

ஆர் 6இல் ஓடுபாதைக்கு முன் சிவப்பு விளக்கு வரிசை ஒன்று இருந்தது. கோபுரத்திலிருந்து அதை ஏற்றவோ அணைக்கவோ இயலாது. ‘தொடர்க’ என்ற ஆணை கையில் இருந்ததால் ஜெட் அதைத் தாண்டிச் சென்றது.

அதே நேரத்தில், 104 பயணிகளும் 6 பணியாளர்களும் இருந்த ஸ்கேண்டிநேவியன் ஏர்லைன்ஸின் எம்.டி. 87 விமானம் புறப்பட அனுமதி பெற்றிருந்தது. அது ஒரு வானொலி அலைவரிசையிலும் ஜெட் வேறோர் அலைவரிசையிலும் பேசிக்கொண்டிருந்ததால், ஒருவர் இருப்பதை மற்றவர் கேட்கவே இல்லை. காலை 8:10க்கு, மணிக்கு ஏறத்தாழ 270 கி.மீ. வேகத்தில் மூக்கை உயர்த்தும் தருணத்தில் அது ஜெட்டின் மீது மோதியது. கடைசி அரை நொடிக்குள் அதன் விமானி எதையோ கண்டு கூடுதலாக இழுத்ததைப் பதிவுக்கருவி காட்டியது. வலப்பக்க எஞ்சினையும் சக்கரத் தொகுதியையும் இழந்த விமானம் 12 நொடிகள் மட்டுமே காற்றில் இருந்தது. பிறகு கீழே விழுந்து, பயணப்பெட்டிகளைக் கையாளும் கட்டடத்தில் மோதித் தீப்பற்றியது. அதிலிருந்த 110 பேரும், கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த 4 பேரும், ஜெட்டில் இருந்த 4 பேரும் இறந்தனர். கட்டடத்தில் எரிந்த தீக்கு வண்டிகள் விரைந்தன. ஓடுபாதையில் ஜெட் எரிந்துகொண்டிருப்பது 20 நிமிடங்களுக்கும் மேலான பிறகுதான் கண்டறியப்பட்டது.

விசாரணை

இத்தாலிய விமானப் பாதுகாப்பு முகமை 2004 ஜனவரியில் இறுதி அறிக்கையை வெளியிட்டது. உடனடிக் காரணம் ஜெட் ஓடுபாதைக்குள் நுழைந்தது என்றாலும், பழியை விமானிகள் மீது மட்டும் போட அறிக்கை மறுத்தது. குறிகள், பலகைகள், வரைபடங்கள் ஆகியவற்றின் குறைகளையும், ஆங்கிலமும் இத்தாலியமும் கலந்த, வரையறுக்கப்பட்ட சொற்றொடர்களைப் பின்பற்றாத வானொலிப் பேச்சையும், முறையான பாதுகாப்பு மேலாண்மை இல்லாததையும் அது எடுத்துக்காட்டியது. அதே ஆண்டு ஏப்ரலில் மிலான் நீதிமன்றம் கட்டுப்பாட்டாளருக்கும் சில அதிகாரிகளுக்கும் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீடுகள் 2008 வரை நீண்டன. வரைபடத்தில் இல்லாத ஒரு குறியை அறியாத கட்டுப்பாட்டாளரைச் சிறைக்கு அனுப்புவது சரியா என்ற வாதம் விமானத் துறையில் நெடுநாள் நடந்தது. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

விமானிகளுக்கான அறிவுரைகள்

ஓடுபாதை ஊடுருவலைத் தடுப்பதற்கான ஐரோப்பியச் செயல்திட்டம் 2003இல் வெளியானது. அதற்கான பணி விபத்துக்கு முன்பே தொடங்கியிருந்தாலும், லினாத்தே அதற்கு ஓர் அவசரத்தைக் கொடுத்தது. கோபுரம் அனுமதித்தாலும் ஒளிரும் சிவப்பு நிறுத்த விளக்கைத் தாண்டக் கூடாது என்ற விதியை அத்திட்டம் அழுத்திச் சொன்னது. விளக்கு எரியும்போது அனுமதி வந்தால் இருவரில் ஒருவர் பிழை செய்கிறார், அது யார் எனத் தெரியும்வரை நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள். குழப்பம் நேரும் சந்திப்புகளை நிலைய வரைபடங்களில் வட்டமிட்டுக் காட்டும் வழக்கமும் பரவலாயிற்று.

பழக்கமில்லாத நிலையத்துக்குச் செல்லும் விமானி, எஞ்சினை இயக்கும் முன்பே தரைவழியை வரைபடத்தில் விரலால் ஓட்டிப் பார்த்துச் சக விமானியிடம் சொல்ல வேண்டும். பெற்ற ஆணையை ஒரு சொல்லும் விடாமல் திரும்பச் சொல்ல வேண்டும். செல்ல வேண்டிய திசையைத் திசைகாட்டியோடு ஒப்பிட வேண்டும். வடக்கே போகச் சொல்லப்பட்ட விமானம் தென்கிழக்கே திரும்பியதை லினாத்தேயில் காட்டியிருக்கக்கூடிய கருவி அந்த ஜெட்டிலேயே இருந்தது. கண்முன் உள்ள குறி வரைபடத்தில் இல்லையென்றால் நின்று கேட்க வேண்டும். பின்னால் பயணிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வணிக ஜெட்டில், இவற்றில் கடினமானது நிற்பதுதான்.

நினைவிடம்

லினாத்தேக்கு அருகே, மிலானின் ஃபோர்லானினி பூங்காவில் இறந்தவர்களுக்காக ஒரு சிறு தோப்பு வளர்க்கப்பட்டுள்ளது. அதில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 118 பீச் மரங்கள் நடப்பட்டன.