ஓசூரும் தமிழ்நாட்டின் மோட்டார் சைக்கிள் பந்தயமும்

தமிழ்நாட்டின் மோட்டார் சைக்கிள் பந்தய வரலாறு மூன்று இடங்களைச் சுற்றி அமைந்தது. சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரமும் மேற்கே உள்ள இருங்காட்டுக்கோட்டையும் பந்தயம் ஓடிய இடங்கள். கர்நாடக எல்லையில் உள்ள ஓசூர், பந்தய வண்டியும் தொழிற்சாலை அணியும் உருவான இடம். பந்தயத்தை ஒரு கிளப் நடத்தியது, வண்டியைத் தொழிற்சாலை கொடுத்தது, ரசிகர்கள் வந்து பார்த்தார்கள். இந்த மூன்று தரப்பில் பந்தயம் யாருக்காக நடத்தப்பட வேண்டும் என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே உண்டு. இன்றும் பைக் ரசிகர்களிடையே நடக்கும் விவாதங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியில்தான் வந்து முடிகின்றன.

சோழவரம்

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது அமைக்கப்பட்டுப் பின்னர் பயன்பாடற்றுக் கிடந்த சோழவரம் விமான ஓடுபாதை அதன் பந்தயக் களமானது. பந்தயத்துக்கென்று கட்டப்பட்ட தளம் அல்ல அது. ஓடுபாதையின் நேர்ப்பகுதிகளை வளைவுகளால் இணைத்துப் பாதை வகுத்தார்கள். ஆண்டின் தொடக்கத்தில் நடக்கும் சோழவரம் பந்தயத்தைக் காணப் பல்லாயிரம் பேர் கூடினர். சென்னையிலிருந்து மட்டுமின்றி பெங்களூர், கோவை, கொல்கத்தா, மும்பை ஆகிய நகரங்களிலிருந்தும் போட்டியாளர்கள் வந்தனர்.

அக்காலத்தில் பந்தயத்துக்கென்று தயாரிக்கப்பட்ட வண்டிகள் இந்தியாவில் அரிதாகவே கிடைத்தன. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்ததால், சாலையில் ஓடும் வண்டியையே பிரித்து மாற்றிப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு, மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி ஆகியவை அவ்வாறு களமிறங்கின. 1980-களில் ஜப்பானியக் கூட்டுடன் வந்த 100 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் இந்தப் பழக்கத்தை இன்னும் பரவலாக்கின. இத்தகைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் சிலிண்டர் தலையில் வால்வுகள் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள் வழியாகவே எரிகலவை உள்ளே வந்து புகை வெளியேறுகிறது. அந்தத் துளைகளின் உயரத்தைச் சிறிது மாற்றி, அதற்கேற்ற வடிவத்தில் புகைக்குழாயைச் செய்து பொருத்தினால் அதே எஞ்சின் கூடுதல் வேகம் தரும். இதனால் வண்டி ஓட்டியவரோடு அதைத் தயார் செய்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கும் ரசிகர்களிடையே பெயர் பெற்றார்.

ஓசூரில் உருவான அணி

தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் 1970-களில் ஓசூரில் தொழிற்பேட்டையை அமைத்தது. பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருந்ததும், பின்தங்கிய பகுதிக்கான சலுகைகள் கிடைத்ததும் நிறுவனங்களை ஈர்த்தன. டி.வி.எஸ். குழுமம் 1980-ல் இங்கிருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டை வெளியிட்டது. ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் ஏற்பட்ட கூட்டில் 1984-ல் 100 சிசி மோட்டார் சைக்கிள் வந்தது. அந்தக் கூட்டு 2001-ல் முடிவுக்கு வந்தது.

டி.வி.எஸ். தன் பந்தய அணியின் தொடக்கத்தை 1982 என்று குறிக்கிறது. இந்தியாவில் தொழிற்சாலையே நேரடியாக நடத்திய பந்தய அணிகளில் இது மூத்தது. தார்ச்சாலைப் பந்தயம், மோட்டோகிராஸ், ராலி ஆகிய மூன்றிலும் அணி பங்கேற்றது. 2015 முதல் பிரான்சின் ஷெர்கோ நிறுவனத்துடன் இணைந்து டக்கார் ராலிக்கும் சென்றது. அணியின் வீரர் கே.பி. அரவிந்த் 2019 டக்கார் ராலியை முழுமையாக ஓடி முடித்தார். இந்தியர்களில் இதைச் செய்த இரண்டாமவர் அவர்.

தொழிற்சாலைக்குப் பந்தயம் இரண்டு வகையில் பயன்பட்டது. வண்டியின் பாகங்கள் எவ்வளவு வேகத்தையும் சூட்டையும் தாங்கும் என்பதைச் சோதிக்க அது ஒரு களம். வென்ற வண்டியின் பெயரைச் சொல்லி விற்கவும் அது உதவியது. அப்பாச்சி வரிசை வண்டிகளின் பெயரில் சேர்ந்த ஆர்.டி.ஆர். என்ற எழுத்துகள் ‘ரேசிங் த்ராட்டில் ரெஸ்பான்ஸ்’ என்பதன் சுருக்கம். பந்தயம் விற்பனைக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை இந்தப் பெயரே காட்டுகிறது.

இருங்காட்டுக்கோட்டை

சோழவரத்தில் கூட்டம் பெருகியபோது ஆபத்தும் பெருகியது. விமான ஓடுபாதையில் நிலையான தடுப்புகளும் போதிய ஓரவெளியும் இல்லை. கிளப் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி நிரந்தரப் பந்தயத் தளத்தை அமைத்தது. 1990-ல் திறக்கப்பட்ட இத்தளத்தின் முழுப் பாதை 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 திருப்பங்களும் கொண்டது. ஓசூரையும் இருங்காட்டுக்கோட்டையையும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை இணைக்கிறது. தொழிற்சாலையின் வண்டிகளும் பெங்களூர் வீரர்களும் அந்த ஒரே சாலை வழியாக வந்து சேர்ந்தனர்.

2003-ல் கோவை செட்டிபாளையத்தில் மற்றொரு தளம் உருவானது. இந்தியப் பந்தயக் கார்களை வடிவமைத்து 1995-ல் மறைந்த எஸ். கரிவரதனின் நினைவாக அது கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயரிடப்பட்டது. பெயரில் ஸ்பீட்வே என்று இருந்தாலும் இது தார்ச்சாலைத் தளமே.

புதிய தளங்கள் வீரர்களுக்குப் பாதுகாப்பைக் கூட்டின. ஆனால் சோழவரத்தில் திரண்ட கூட்டம் அதே அளவில் இங்கு வரவில்லை. தொலைக்காட்சியில் கிரிக்கெட் பரவிய காலமும் இதுவே. பந்தயம் ஊர்த் திருவிழா போல ஆண்டுக்கு ஒருமுறை வந்த நிலை மாறி, பல சுற்றுகள் கொண்ட தேசியப் போட்டித் தொடராக ஆனது. விளையாட்டு ஒழுங்குபட்டது. பார்வையாளர் எண்ணிக்கை குறைந்ததால் செலவை ஏற்க டயர், எண்ணெய், வண்டி நிறுவனங்கள் தேவைப்பட்டன.

ஒன்-மேக் பந்தயம் பற்றிய விவாதம்

எல்லா வீரர்களும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி வண்டியை ஓட்டுவது ஒன்-மேக் பந்தயம். டி.வி.எஸ். 1994-ல் இதைத் தொடங்கியது. பின்னர் ஹோண்டா, யமஹா ஆகியவையும் இத்தகைய தொடர்களை நடத்தின. பல நகரங்களில் தேர்வுச் சுற்று வைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் வந்தது. பெண்களுக்குத் தனிப் பிரிவுகள் உருவாயின. 2022 முதல் ஓசூரில் தயாரான அப்பாச்சி வண்டிகளைக் கொண்டு ஆசிய அளவிலான ஒன்-மேக் தொடரும் நடைபெறுகிறது.

ரசிகர்கள் இங்கே இரு தரப்பாகப் பிரிகிறார்கள். பந்தயத்துக்கு ஏற்ற வண்டியை வாங்கி, மாற்றி, டயரும் உதிரிபாகமும் போட்டுப் பராமரிப்பது சாதாரணக் குடும்பத்து இளைஞருக்கு இயலாத செலவு என்பது ஆதரிப்போர் வாதம். தொழிற்சாலை வண்டி கொடுத்தால் திறமை மட்டுமே அளவுகோலாகும் என்கிறார்கள். எதிர்ப்போர் சொல்வது வேறு. எல்லா வண்டியும் ஒன்றானால் மெக்கானிக்கின் கைவேலைக்கு இடமில்லை; நிறுவனங்களுக்கிடையே போட்டி இல்லை; எந்த வண்டி வென்றாலும் வெற்றி ஒரே நிறுவனத்துக்குத்தான். அதைவிடப் பெரிய குறையாக அவர்கள் கருதுவது, நிறுவனம் தன் விளம்பரத் திட்டத்தை மாற்றிக்கொண்டால் அந்தத் தொடரே நின்றுபோகும் என்பதை. வீரரின் எதிர்காலம் அவரது நேரக்கணக்கோடு நிறுவனத்தின் நிதியாண்டையும் நம்பியிருக்கிறது.

ஸ்பீட்வே தரும் ஒப்பீடு

இதே விவாதம் வேறு வடிவில் ஐரோப்பாவில் ஒரு நூற்றாண்டாக நடக்கிறது. ஸ்பீட்வே என்பது நீள்வட்ட மண் தளத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம். நான்கு வீரர்கள் நான்கு சுற்று ஓடுவார்கள். மெத்தனாலில் ஓடும் 500 சிசி வண்டிக்கு ஒரே கியர், பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே திருப்ப வேண்டும். ஒரு பந்தயம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். 1923-ல் ஆஸ்திரேலியாவின் மேற்கு மெய்ட்லாண்டில் நடந்த பந்தயம் இதன் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. 1928-ல் இங்கிலாந்துக்கு வந்து, போலந்து, சுவீடன், டென்மார்க் ஆகிய நாடுகளில் பரவியது.

பிரிட்டனில் ஸ்பீட்வே அணிகளை நடத்தியவர்கள் புரமோட்டர்கள் எனப்படும் தனியார். டிக்கெட் விற்பனையே அவர்களின் முதன்மை வருமானம். அவர்களே சங்கமாகச் சேர்ந்து போட்டி விதிகளையும் வகுத்தனர். தன் அணிக்குச் சாதகமான விதிக்கு ஒவ்வொருவரும் வாக்களிக்கிறார் என்றும், விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன என்றும் ரசிகர்கள் குறை கூறினர். விளையாட்டை நடத்துபவரும் விற்பவரும் ஒருவராக இருக்கலாமா என்பது அங்கே தீராத வழக்கு. போலந்தில் உள்ளூர் அணிகளுக்கு நகராட்சிகளும் பெரிய நிறுவனங்களும் துணை நிற்கின்றன, மைதானங்களும் நிரம்புகின்றன.

ஓசூர் நிலைமையோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகும். பிரிட்டனில் ரசிகர் வராவிட்டால் அணி மூடப்படும். ஆகவே அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் பந்தயச் செலவை டிக்கெட் ஈடுகட்டுவதில்லை. பார்வையாளர் மேடை காலியாக இருந்தாலும் பந்தயம் நடக்கும். நிறுவனம் விலகினால்தான் நிற்கும். விளையாட்டைக் காப்பாற்றியது எதுவோ, அதுவே ரசிகரின் குரலையும் எடையற்றதாக்கியது.

விதி வகுப்பவர் யார்

இந்தியாவில் மோட்டார் பந்தயங்களுக்கு உரிமமும் விதியும் வழங்குவது இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு. இது 1971-ல் உருவானது. பெயருக்கேற்பக் கிளப்புகளே இதன் உறுப்பினர்கள். வீரர்களும் ரசிகர்களும் இதில் நேரடியாக வாக்களிப்பவர்கள் அல்லர். ஒரு தொடரை நடத்தும் வணிக உரிமையைப் புரமோட்டர் பெறுகிறார். தேசிய மோட்டார் சைக்கிள் தொடரை எம்.ஆர்.எஃப். நிறுவன ஆதரவுடன் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திவருகிறது. தளத்தின் உரிமையாளரும் போட்டியின் அமைப்பாளரும் ஒரே கிளப். செலவு குறைவதும் அனுபவம் தொடர்வதும் இதன் நன்மை. மாற்று அமைப்பாளர்கள் வளர இடமில்லை என்பது எதிர்வாதம்.

வயதும் பாதுகாப்பும்

2023 ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டையில் தேசியத் தொடரின் ஒரு சுற்றில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயது வீரர் விபத்தில் உயிரிழந்தார். அந்த வார இறுதியின் மற்ற பந்தயங்கள் ரத்து செய்யப்பட்டன. பொதுச் சாலையில் கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆகவேண்டும். மூடிய பந்தயத் தளத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. உலக அளவில் முன்னணி வீரர்கள் பத்து வயதுக்கு முன்பே பயிற்சி தொடங்குகிறார்கள் என்பதால் சிறுவர் பிரிவுகள் தேவை என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. ஐரோப்பாவில் 2021-ல் பதின்பருவ வீரர்கள் அடுத்தடுத்து உயிரிழந்தபின், உலகக் கூட்டமைப்பே பல பிரிவுகளில் குறைந்தபட்ச வயதை உயர்த்தியதை மறுதரப்பு சுட்டிக்காட்டுகிறது. சிறுவர்களுக்குக் குறைந்த திறன் கொண்ட வண்டியும் சிறிய தளமும் தனியே வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. அதற்கான செலவை யார் ஏற்பது என்பதில்தான் பேச்சு நிற்கிறது. 

அண்மைய முயற்சிகள்

2023 செப்டம்பரில் டெல்லி அருகே உள்ள புத்த் பன்னாட்டுப் பந்தயத் தளத்தில் இந்தியாவின் முதல் மோட்டோஜிபி நடந்தது. இத்தாலியின் மார்க்கோ பெசெக்கி வென்றார். அடுத்த ஆண்டு அப்போட்டி நடைபெறவில்லை. பெருங்கூட்டமும் வெளிநாட்டு நட்சத்திரங்களும் இருந்தும், பணமும் ஏற்பாடும் தொடராவிட்டால் பந்தயம் நிலைக்காது என்பதற்கு இது சான்றாகப் பேசப்படுகிறது. 2024 ஜனவரியில் புனேயில் தொடங்கிய இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக் வேறு வழியை முயன்றது. ஐ.பி.எல். போன்று அணிகளைத் தனியார் வாங்கி, நகர மைதானத்துக்குள் மண் கொட்டித் தளம் அமைத்து நடத்தும் முறை இது. ரசிகர் இருக்கும் ஊருக்குப் பந்தயத்தைக் கொண்டுசெல்வதில் இது ஸ்பீட்வேயை ஒத்தது.

ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதியும் மாறிவருகிறது. ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா என மின் வண்டித் தொழிற்சாலைகள் வந்துள்ளன. டி.வி.எஸ். 2023-ல் மின் மோட்டார் சைக்கிளுக்கான ஒன்-மேக் பந்தயத்தைத் தொடங்கியது. இரண்டு சக்கர வண்டிகளை லட்சக்கணக்கில் தயாரிக்கும் இந்த மாவட்டத்தில் தொழிற்சாலைச் சோதனைத் தளங்கள் உண்டு. உள்ளூர் இளைஞர் டிக்கெட் எடுத்துப் பார்க்கவோ கட்டணம் செலுத்தி ஓட்டவோ வேண்டுமானால் அவர் இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவைக்கோ செல்ல வேண்டியிருக்கிறது. பந்தயம் யாருக்காக என்ற பழைய கேள்விக்கு, ஓசூர்க்காரர் ஒருவர் தம் ஊரிலேயே அதைப் பார்க்கும் நாளில்தான் புதிய விடை கிடைக்கும்.