பதினொரு பக்கக் கட்டுரையும் ஆயிரம் பக்க நூலும்

தரவுத்தள நிரலாக்கம் கற்க எந்த நூலைத் துணையாகக் கொள்வது என்னும் வினா, கடைத்தெருவில் விலை விசாரிப்பது போன்ற எளிய வினாவாகவே தோன்றும். அத்துறையின் வரலாற்றைச் சற்றுப் புரட்டினால், ஒவ்வொரு நூலும் ஒரு பழைய வழக்கில் ஏதோ ஒரு கட்சியாக நிற்பது தெரியவரும். அதனை அறியாமல் நூலை வாங்குவது, உரையாசிரியரின் சமயம் அறியாமல் உரை படிப்பதற்கு ஒப்பாகும். தமிழ் படித்த நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சங்க நூல்களுக்குச் சொல்லடைவைக் கணினியில் அமைக்க முற்படும் எவரும் இந்த வழக்கிற்குள் கால் வைத்தே ஆகவேண்டும்.

1960களில் தரவுகள் மரக்கிளைகள் போலவோ வலைக்கண்ணிகள் போலவோ கோக்கப்பட்டிருந்தன. அப்பல்லோ திட்டத்திற்காக ஐ.பி.எம். நிறுவனம் பிறருடன் சேர்ந்து உருவாக்கிய ஐ.எம்.எஸ். மரவகையைச் சார்ந்தது. வலைவகையின் முன்னோடி சார்லஸ் பாக்மன். 1973இல் டூரிங் விருதுரை நிகழ்த்திய அவர், நிரல் எழுதுபவரை வழி தேடிச் செல்லும் கடலோடியாக உருவகித்தார். அழகிய உருவகம்தான். ஆனால் கடலின் ஒவ்வொரு நீரோட்டமும் தெரியாதவன் கரை சேர முடியாது என்பதும் அதனுள் அடங்கியிருந்தது. சேமிப்பின் அமைப்பு மாறினால் நிரலையும் மாற்றி எழுதவேண்டியிருந்தது.

இதனை மறுத்தவர் எட்கர் காட். 1923இல் இங்கிலாந்தில் பிறந்து, இரண்டாம் உலகப்போரில் விமானியாகப் பணியாற்றி, பின்னர் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். 1970 ஜூன் மாதம் கணிப்பொறியாளர் சங்கமான ஏ.சி.எம்.மின் இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. பதினொரு பக்கங்களே கொண்டது. தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறியவேண்டிய சுமை பயனருக்கு இருக்கலாகாது என்பது அவரது வாதம். கணக் கோட்பாட்டின் துணையோடு, எல்லாத் தரவையும் உறவுகளாக, அதாவது எளிய அட்டவணைகளாகக் காட்டலாம் என்றார். என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதும்; வழி தேடுவது எந்திரத்தின் வேலை. ஐ.எம்.எஸ்.ஸை விற்றுக்கொண்டிருந்த அவரது நிறுவனத்திற்கோ இக்கருத்தை விரைந்து ஏற்கும் அவசரம் இருக்கவில்லை. 1974இல் ஆன் ஆர்பர் நகரில் இரு தரப்பாரும் நேருக்குநேர் வாதிட்டனர்.

அதே 1974இல் டொனால்ட் சாம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்னும் இருவர் சீக்வெல் என்ற வினவல் மொழியை வெளியிட்டனர். பாய்ஸ் அவ்வாண்டிலேயே இளம் வயதில் இறந்தார். பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்தமையால் பின்னர் அது எஸ்.க்யூ.எல். எனச் சுருங்கியது. பெர்க்லியில் ஸ்டோன்பிரேக்கர் குழுவினர் இங்கிரஸ் அமைப்புக்கென வகுத்த க்யூவெல் மொழியே காட்டின் கருத்துக்கு நெருக்கமானது என்று கருதியோர் பலர். சந்தை வேறு தீர்ப்பு வழங்கியது. 1979இல் ஆரக்கிள் விற்பனைக்கு வந்தது, 1981இல் ஐ.பி.எம்.மின் சொந்த அமைப்பு வந்தது, 1986இல் எஸ்.க்யூ.எல். அமெரிக்கத் தரமாயிற்று.

இந்தப் பின்னணியில்தான் சி.ஜே. டேட்டின் 'தரவுத்தள அமைப்புகளுக்கு ஓர் அறிமுகம்' என்னும் ஆங்கில நூலைப் பார்க்கவேண்டும். முதற்பதிப்பு 1975இல் வந்தபோது உறவு, மரம், வலை மூன்றையும் அது விளக்கியது. பதிப்புக்குப் பதிப்பு மற்ற இரண்டும் ஒதுங்கின. 2003இல் வந்த எட்டாம் பதிப்பு ஏறத்தாழ ஆயிரம் பக்கம். ஸ்மித், ஜோன்ஸ் முதலிய ஐந்து வணிகர்களும் அவர்கள் வழங்கும் திருகாணி, மரை முதலிய உதிரிகளும் கொண்ட சிறிய எடுத்துக்காட்டு பல்லாண்டுகளாகத் தொடர்கிறது. நமக்கு அந்தச் சிக்கனம் பிடிக்கிறது. உறவு மாதிரியை இவ்வளவு தெளிவாக விளக்கிய வேறொரு நூலை நாம் கண்டதில்லை.

டேட், காட்டின் கருத்தைப் பரப்பியவர். இருவரும் சேர்ந்து ஆலோசனை நிறுவனமும் நடத்தினர். ஆயினும் ஓர் இடத்தில் சீடர் ஆசிரியரோடு முரண்பட்டார். அந்த இடம் வெற்றிடம், அதாவது நல் எனப்படும் தெரியாத மதிப்பு. குறுந்தொகையில் ஆசிரியர் பெயர் தெரியாத பாடல்கள் சில உள்ளன. 401 பாடல்களையும் அட்டவணையிலிட்டு, பெயர் தெரியாத இடங்களில் நல் என்று வைத்தோமானால் வேடிக்கை தொடங்கும். கபிலர் பாடியவை எவை என்று கேட்டால் ஒரு தொகை வரும். கபிலர் அல்லாதோர் பாடியவை எவை என்று கேட்டால் இன்னொரு தொகை வரும். இரண்டையும் கூட்டினால் 401 வராது. பெயரற்ற பாடல்கள் இரண்டிலும் அகப்படாமல் நழுவிவிடும். உண்மை, பொய் என்ற இரண்டோடு 'தெரியாது' என்ற மூன்றாவதும் எஸ்.க்யூ.எல்.லின் தருக்கத்தில் இருப்பதே காரணம். காட் இதை ஏற்றதோடு நில்லாமல் 1990இல் எழுதிய நூலில் இருவகை இன்மைகளையும் நான்கு மதிப்புத் தருக்கத்தையும் முன்வைத்தார். டேட்டோ இதை அடியோடு மறுத்தார். பெயர் தெரிந்த பாடல்களுக்குத் தனி உறவு அமையுங்கள், இல்லாததை எழுதாமல் விடுங்கள் என்பது அவர் வழி. சொல்லடைவு செய்பவருக்கு டேட் சொல்வதே நன்மை பயக்கும் என்பது நம் கருத்து. விடுபட்ட பாடல் விடுபட்டதென்றே தெரியாமல் போவதைவிடப் பெரிய இழப்பு பதிப்புத் தொழிலில் வேறில்லை.

கல்லூரிகளில் செல்வாக்குப் பெற்றவை வேறு நூல்கள். 1980இல் உல்மனுடையது, 1986இல் கோர்த்தும் சில்பர்ஷாட்சும் எழுதியது, 1989இல் எல்மாஸ்ரியும் நவாத்தேயும் எழுதியது. கோர்த் நூலின் மூன்றாம் பதிப்பிலிருந்து மும்பை ஐ.ஐ.டி.யின் சுதர்சனும் ஆசிரியர்களுள் ஒருவர். இவை சண்டைக்குப் போகாத நூல்கள். சுட்டுவரிசை எப்படி இயங்குகிறது, இருவர் ஒரே நேரத்தில் ஒரே வரியைத் திருத்தினால் என்ன நேரும் என்பனவற்றை டேட்டைவிட விரிவாகச் சொல்பவை. தேர்வுக்குப் படிப்போருக்கு இவையே போதும்.

மூன்றாம் வகை, ஏதேனும் ஒரு மென்பொருளின் பெயரைத் தலைப்பில் தாங்கிவரும் தடித்த கையேடுகள். பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைப்பவை இவைதாம். எச்சரிக்கையும் இவற்றுக்கே தேவை. மைஎஸ்க்யூஎல் அமைப்பில் வினவலுக்குள் வினவல் எழுதும் வசதி 2004இல் வந்த 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய கையேடுகள் அவ்வசதியின்றிச் சமாளிக்கும் உத்திகளைக் கற்பித்தன. அயற்சாவியைச் சோதிக்கும் பொறுப்பையும் நிரலரிடமே விட்டன. ஒரு பொருளின் குறையைக் கலையின் இலக்கணமென்று கற்றுக்கொண்ட தலைமுறை ஒன்று இதனால் உருவாயிற்று. பின்னர் வந்த பதிப்புகளில் குறை நீங்கிய பிறகும் அவர்தம் பழக்கம் நீங்கவில்லை.

ஆகவே ஒருவர் நம்மைக் கேட்டால், காட்டின் பதினொரு பக்கங்களை முதலில் படிக்கச் சொல்வோம். கணிதக் குறியீடுகள் இடறும் இடத்தைத் தாண்டிப் போகலாம். அடுத்து டேட், முழுநூல் மலைப்பூட்டுமானால், 2009இல் அவர் எழுதிய 'எஸ்.க்யூ.எல்.லும் உறவுக் கோட்பாடும்' என்ற சிறிய நூலைக் கொள்ளலாம். நாள்தோறும் கைப்பழக்கத்திற்கு போஸ்ட்கிரெஸ் அமைப்போடு இலவசமாகவே வரும் ஆவணங்கள் உண்டு. பெர்க்லியின் இங்கிரஸிலிருந்து கிளைத்த வழி அது. பதிப்பு மாறும்போது ஆவணமும் உடன் மாறுவதால் பழைய கையேட்டின் ஆபத்து அதில் குறைவு.