உங்க இ-ஸ்கூட்டர் சார்ஜர் சூடாகுதா? உள்ளே என்ன நடக்குதுனு தெரிஞ்சுக்கோங்க!

ராத்திரி ஸ்கூட்டரை சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கப் போறீங்களா? அதுக்கு முன்னாடி சார்ஜர் பெட்டியை லேசா தொட்டுப் பாருங்க. அந்தச் சூடு வேற எதுவும் இல்ல; நீங்க காசு கொடுத்தும் பேட்டரிக்குப் போய்ச் சேராத கரன்ட்!

சின்னதா ஒரு கணக்கு

உங்க பேட்டரி 3 யூனிட் பிடிக்கும்னு வெச்சுக்கோங்க. சார்ஜரின் திறன் 90% என்றால், பிளக்கிலிருந்து 3.33 யூனிட் இழுக்கும். 80% என்றால் 3.75 யூனிட். வருஷத்துக்கு 300 முறை ஃபுல் சார்ஜ் செய்தால், வித்தியாசம் 125 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு போட்டாலும் 1,000 ரூபாய் வெறும் சூடாப் போயிடும்.

பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏ.சி கரன்ட். பேட்டரிக்குத் தேவை டி.சி. அதனால முதலில் ஏ.சி-யை டி.சி-யாக மாற்றுவார்கள். பிறகு அதை விநாடிக்கு ஒரு லட்சம் முறை போல ஆன்-ஆஃப் செய்து, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வோல்ட்டேஜைக் குறைப்பார்கள். ஏன் இவ்வளவு வேகம்? வேகம் கூடக்கூட டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாகும். 50 ஹெர்ட்ஸில் ஓடும் பழைய இன்வெர்ட்டர் கல்லு மாதிரி கனப்பதும், உங்க சார்ஜர் கையில் தூக்குற அளவுக்கு இருப்பதும் இதனாலதான்.

சூட்டைக் குறைக்கிறது எப்படி?

ஒவ்வொரு முறை ஸ்விட்ச் மாறும்போதும் கொஞ்சம் கரன்ட் சூடாகிறது. ஆடுற ஊஞ்சல்ல எப்போ ஏறுவீங்க? அது ஒரு நொடி நிக்கும்போதுதானே! அதேபோல, வோல்ட்டேஜ் பூஜ்யத்துக்கு வரும் கணத்தில் ஸ்விட்ச் போடும்படி டிசைன் செய்கிறார்கள்.

அடுத்து, பேட்டரி பக்கம் இருக்கும் டையோடு. 0.7 வோல்ட் இழக்கும் சாதாரண டையோடில் 15 ஆம்பியர் ஓடினால், 10 வாட்டுக்கு மேல் வீண். அந்த இடத்தில் 5 மில்லி ஓம் தடை உள்ள மாஸ்ஃபெட் போட்டால், இழப்பு சுமார் 1 வாட்தான். விலை கொஞ்சம் கூடும். அதனால மலிவு சார்ஜர்கள்ல முதல்ல கை வைக்கிறது இந்த மாதிரி பாகங்கள்லதான்.

கடைசி 20% ஏன் லேட்டாகுது?

முதலில் ஒரே அளவு கரன்ட் போகும். உச்ச வோல்ட்டேஜ் வந்ததும், சார்ஜர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு கரன்ட்டைக் குறைக்கும். பேட்டரியைக் காப்பாத்துறது இந்த நிதானம்தான்.

இதையெல்லாம் மறக்காதீங்க!

* பின் பொருந்துதுனு வேற சார்ஜர் மாட்டாதீங்க. 4.2 வோல்ட் லித்தியம் செல் 16 வரிசையா இருக்கும் '60 வோல்ட்' பேட்டரி, 67.2 வோல்ட்டில் நிற்கணும். அதே '60 வோல்ட்' லெட்-ஆசிட் சார்ஜர் 73 வோல்ட் வரை போகலாம். அது தீயோட விளையாட்டு.
* சார்ஜர் மேல துணி, பை எதுவும் போடாதீங்க. காத்து படட்டும்.
* எர்த் இருக்கும் பிளக்கையே பயன்படுத்துங்க. லூஸான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.
* வழக்கத்தைவிட அதிகமா சுட்டாலோ, கருகல் வாசனை வந்தாலோ, உடனே ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க.

அடுத்த முறை சார்ஜர் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காம, லேபிளில் அவுட்புட் வோல்ட்டேஜ், ஆம்பியர், பேட்டரி வகை மூணையும் படிச்சுட்டு வாங்குங்க. வண்டியும் வீடும் சேஃப்!