பள்ளிப் பேஸ்பாலில் மட்டைத் திறன் மதிப்பீடு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலில் மாணவர்களின் மட்டைத் திறனைக் கணக்கிடப் பல அளவுகள் உண்டு. அவற்றுள் பழமையானது மட்டைச் சராசரி: எடுத்த ஹிட்களை மட்டைவாய்ப்புகளால் வகுத்தால் கிடைப்பது.

இதன் வேர் கிரிக்கெட்டில் இருக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் 1824இல் பிறந்து, சிறுவயதில் புரூக்ளினில் குடியேறிய ஹென்றி சாட்விக், முதலில் கிரிக்கெட் செய்தியாளர். பேஸ்பாலைப் பற்றி எழுதத் தொடங்கியபோது ஆட்ட விவரத்தை அட்டவணையாகத் தரும் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார். ஸ்டிரைக் அவுட்டைக் குறிக்கும் ‘கே’ என்ற எழுத்து அவர் தந்ததே. நான்கு தவறான வீச்சுகளால் கிடைக்கும் ‘வாக்’ வீச்சாளரின் பிழை, அதில் மட்டையாளருக்குப் பெருமை இல்லை என்று அவர் கருதினார். அந்தக் கருத்து நிலைத்துவிட்டது. 1887இல் மட்டும் தொழில்முறை லீக்குகள் வாக்கையும் ஹிட்டாக எண்ணின; சராசரிகள் தாறுமாறாக ஏறவே, மறு ஆண்டே அதைக் கைவிட்டன. பள்ளி ஸ்கோர் புத்தகத்திலும் இன்றுவரை வாக் மட்டைவாய்ப்பில் சேராது.

புத்தகத்தை எழுதுபவர் பெரும்பாலும் ஒரு பெற்றோர், மாணவர் அல்லது துணைப் பயிற்சியாளர். ஒவ்வொரு கட்டத்திலும் சிறு வைரவடிவம் இருக்கும். ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட்டாக்கினால் காவலர்களின் நிலை எண்களைக் கொண்டு ‘6-3’ என்று குறிப்பார். அதே பந்து ஷார்ட்ஸ்டாப்பின் கையுறையில் பட்டு நழுவினால் ஹிட்டா, பிழையா என்று அவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பருவம் குறுகியது என்பதால் இந்தத் தீர்ப்புகளின் பாரம் அதிகம். 80 வாய்ப்பில் 24 ஹிட் என்றால் சராசரி 0.300; பிழை எனக் குறித்த மூன்று பந்துகளை ஹிட் என்று எழுதியிருந்தால் அதுவே 0.338.

சராசரி வாக்கைக் கணக்கில் கொள்ளாத குறைக்கு மாற்று, ஹிட்டோடு வாக்கையும் சேர்த்து எண்ணும் ‘பேஸை அடையும் விகிதம்’. அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கியும் புள்ளியியலாளர் ஆலன் ராத்தும் 1950களில் இதை வலியுறுத்தினர்; மேஜர் லீக் 1984இல்தான் அதிகாரபூர்வமாக ஏற்றது. மேற்சொன்ன மாணவர் 16 வாக் பெற்று, 4 முறை பந்து உடலில் பட்டும் பேஸ் ஏறியிருந்தால், அவரது விகிதம் 0.440. 80 வாய்ப்பில் 28 ஹிட் எடுத்து 5 வாக் மட்டுமே பெற்ற மாணவரின் சராசரி 0.350 ஆனாலும் விகிதம் 0.388தான். அவுட்டாகாமல் பேஸை அடைவதே மட்டையாளரின் முதல் கடமை. அந்த வகையில் முன்னவரே சிறந்தவர்.

உலோக மட்டைகளிலிருந்து பந்து எகிறும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ‘பிபிகார்’ தரம் 2012 முதல் பள்ளிகளில் கட்டாயமானது. அதற்கு முந்தைய எண்களைப் பிந்தையவற்றோடு நேராக ஒப்பிட முடியாது. அண்மைக் காலத்தில் மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தையும் கருவியால் அளக்கிறார்கள்.