விண்டோஸ் 11-க்கு மாறியதும் ஷேர்டு ஃபோல்டர் திறக்கலையா? காரணமும் தீர்வும்

ஒரு கம்ப்யூட்டரில் ஃபைல்களை வைத்து, மற்ற கம்ப்யூட்டர்களில் அதே ஃபோல்டரைத் திறந்து வேலை பார்ப்பது குரோம்பேட்டை ஜிஎஸ்டி சாலை டிடிபி கடை முதல் ஆடிட்டர் அலுவலகம் வரை வழக்கம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இதனால் விண்டோஸ் 11-க்கு மாறியவர்களில் சிலருக்கு அந்த ஃபோல்டர் மட்டும் திறப்பதில்லை. பயம் வேண்டாம், ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

காரணம் என்ன?

2024 அக்டோபரில் வெளியான 24எச்2 பதிப்பின் ப்ரோ வகையில், ஷேர்டு ஃபோல்டர் இணைப்புக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். பாஸ்வேர்டு கேட்காத 'கெஸ்ட்' இணைப்பில் அந்தக் கையொப்பம் போட முடியாது. அதனால்தான் கதவு மூடுகிறது.

என்ன செய்யணும்?

* ஃபைல் உள்ள கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டுடன் தனி யூசர் உருவாக்குங்க.
* ஃபோல்டரின் புராபர்ட்டீஸில் 'ஷேரிங்' போய், அந்த யூசருக்கு அனுமதி கொடுங்க.
* மற்ற கம்ப்யூட்டரில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து, பழைய பதிவை நீக்குங்க.
* மறுபடி ஃபோல்டரைத் திறந்து, புது யூசர் பெயர், பாஸ்வேர்டு கொடுங்க. லாகின் பின் நம்பர் இங்கே செல்லாது.

எதைச் செய்யக் கூடாது?

அவசரத்துக்குப் பழைய 'எஸ்எம்பி 1' வசதியை ஆன் செய்யாதீங்க. 2017 மே மாதம் உலகை உலுக்கிய 'வான்னாக்ரை' ரேன்சம்வேர், அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தாலும் கடையின் மொத்த ஃபைலும் பூட்டப்படலாம். பாஸ்வேர்டு அடிக்க ஆவது அரை நிமிஷம்தான்.