வானிலைக் கணக்கும் புதிய பொறிகளும்

ரப்பர் மரங்கள் நிறைந்திருந்த காலத்தில், விடியற்காலை மழை பெய்தால் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுவிடும். நம் ஜெராம் கரையிலோ காற்றைப் பார்த்துத்தான் படகுகள் புறப்படும். நாளைய மழையை இன்றே கணக்கிடும் கணிப்பொறிகளைப் பற்றி இப்போது செய்தித்தாள்களில் படிக்கிறோம். புதுப் பொறி வந்துவிட்டால் கணக்கும் தானாக விரைந்துவிடும் என்றே பலர் எண்ணுகின்றனர். அப்படி நடப்பதில்லை என்பதற்கு இந்தியாவின் அனுபவமே சான்று.

பருவமழையை முன்னறிவதற்காக 1980-களின் நடுவில் இந்தியா, இரண்டு செயலிகள் கொண்ட கிரே எக்ஸ்-எம்பி கணிப்பொறியை அமெரிக்காவிடம் கேட்டது. அணு ஆயுத ஆய்வுக்கு அது பயன்படுமோ என்று அமெரிக்கா ஐயுற்றது. நீண்ட பேச்சுக்குப் பின் ஒரே செயலி கொண்ட எக்ஸ்-எம்பி/14 தான் கிடைத்தது. அதுவும் வானிலை சார்ந்த பணிகளுக்கே என்ற கட்டுப்பாட்டோடு. 1989-இல் அது புதுதில்லியில் இயங்கத் தொடங்கியது.

இதற்குள் பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வுக்கூடம் வேறொரு வழியில் இறங்கியிருந்தது. ரொத்தம் நரசிம்மா இயக்குநராக இருந்த அங்கே, யு. என். சின்ஹாவின் குழு, எளிதில் கிடைக்கும் சிறு செயலிகள் சிலவற்றைப் பிணைத்து 1986-இல் 'ஃப்ளோசால்வர்' என்னும் பொறியை அமைத்தது. காற்றோட்டக் கணக்குகளே அதன் முதல் நோக்கம். 1990-களில் வானிலைக் கணக்கையும் அதில் ஏற்ற முனைந்தபோதுதான் உண்மையான சோதனை வந்தது.

தில்லியில் இயங்கிய டி-80 என்ற நிரல், உலகத்தை 128 அகலக்கோடுகளாகவும் 256 நெடுங்கோடுகளாகவும் வகுத்து, வளிமண்டலத்தை 18 அடுக்குகளாகப் பிரித்தது. ஏறத்தாழ 5,90,000 புள்ளிகள்! நீண்ட எண் வரிசைகளை ஒரே வீச்சில் கணக்கிடும் கிரேயின் இயல்புக்கேற்ப எழுதப்பட்ட நிரல் அது. அதை நான்கு செயலிகளுக்குப் பங்கிட்டால், தலைக்கு 32 அகலக்கோடுகள் வரும். ஆளுக்கு இத்தனை மரம் என்று தோட்டத்தில் நிரை பிரித்துக் கொடுத்ததைப் போன்றதே இது. ஆனால், மரம் வெட்டியவர் பக்கத்து நிரையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. காற்றோ கோடு தாண்டி ஓடும். டி-80-இல் ஒவ்வொரு படியிலும் எல்லாக் கோடுகளின் எண்களையும் சேர்த்துக் கூட்டிய பிறகே அடுத்த படிக்குச் செல்ல முடியும். கடைசி ஆள் பாலைக் கொண்டுவந்து நிறுக்கும்வரை கிராணி கணக்கை முடிக்காமல் உட்கார்ந்திருந்ததை நம் பெரியவர்கள் அறிவார்கள். அந்தக் காத்திருப்பைக் குறைப்பதிலேதான் பாதி வேலை.

மற்றொரு தொல்லையும் உண்டு. மூன்று இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும் பொறி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். 100-உடன் 0.4-ஐக் கூட்டினால் 100, மீண்டும் 0.4-ஐக் கூட்டினாலும் 100 தான். முதலில் இரண்டு 0.4-களையும் கூட்டிவிட்டுப் பிறகு 100-ஐச் சேர்த்தாலோ 101! பங்கிட்டுச் செய்யும்போது கூட்டும் வரிசை மாறிவிடுகிறது. 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று கொடுத்ததாலேயே முன்னறிவிப்பு முற்றிலும் திசைமாறிப்போனதை 1961-இல் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் கண்டார். ஆகவே, புதிய பொறியின் விடை மாறுபட்டால், அது நிரலில் நேர்ந்த பிழையா, வரிசை மாறியதன் விளைவா என்று பிரித்தறிய வேண்டும். பொறியைக் கட்டுவதைவிட இதுவே கடினம் என்பது என் எண்ணம். சின்ஹாவின் குழுவினர் இந்தப் பயிற்சியெல்லாம் பெற்றபின், 'வர்ஷா' என்ற பெயரில் நிரலையே திருத்தி எழுதினர்.

கடற்கணக்கில் இன்னும் வியப்பான மாற்றம் நிகழ்ந்தது. 1969-இல் கிர்க் பிரையன் வகுத்த முறையில் ஒவ்வொரு தீவுக்கும் தனிச் சமன்பாடு வேண்டும். வேலை பெருகுமென்று சிறு தீவுகளைக் கணக்கிலிருந்தே மூழ்கடித்துவிடுவார்கள்! தீவுக்கூட்டங்களின் நடுவே வாழும் நமக்கு இது வேடிக்கைதான். 1990-களின் தொடக்கத்தில் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தின் ஸ்மித், டியுகோவிச், மலோன் ஆகியோர், ஏராளமான செயலிகள் கொண்ட கனெக்‌ஷன் மெஷினுக்காக அந்தக் கணக்கை மாற்ற முற்பட்டனர். நிரலை மட்டும் திருத்திப் பயனில்லை என்று கண்டு, கடல் மேற்பரப்பின் அழுத்தத்தை அடிப்படையாக வைத்துச் சமன்பாட்டையே மாற்றினர். மூழ்கிய தீவுகள் மீண்டும் எழுந்தன.

2024-இல் புனேயில் 'அர்கா', நொய்டாவில் 'அருணிகா' என்ற பெரும் பொறிகள் திறக்கப்பட்டன. டி-80-இல் நிலநடுக்கோட்டருகே 150 கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்திருந்த புள்ளி இடைவெளி, 2025-இல் இந்தியாவின் புதிய முன்னறிவிப்பு முறையில் 6 கிலோமீட்டராகக் குறைந்தது. திரையில் படம் வரைவதற்கென்று பிறந்த செயலிகளில் கணக்கை ஏற்றுவதற்காக, உலகின் பல ஆய்வுக்கூடங்களில் பழைய ஃபோர்ட்ரான் வரிகளை மறுபடியும் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.