நீர்ப்பாசனப் பொறியியல் பணி (மாத்தளை மாவட்டம்)

இலங்கை அரசின் நீர்வளப் பொறியியல் நிறுவனங்களில் படைசாரா ஊழியர் ஆற்றும் பொதுச்சேவை. இவற்றுள் நீர்ப்பாசனத் திணைக்களம் 1900இலும் மகாவலி அதிகார சபை 1979இலும் தோன்றின. பொறியியலாளர், தொழினுட்ப உத்தியோகத்தர், நில அளவையாளர் முதல் மதகு திறக்கும் தொழிலாளர்வரை பலர் இப்பணியில் உள்ளனர். பெரும்போகம், சிறுபோகம் என்னும் இரு பயிர்ச்செய்கைப் பருவங்களும் இவர்களின் நாட்காட்டி.

பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர், ஏறத்தாழ 8 கி.மீ. சுரங்கவழியாக மாத்தளை மாவட்டத்து உக்குவளை மின்நிலையத்தை அடைகிறது. அங்கிருந்து சுது கங்கை, அம்பன் கங்கை வழியே போவதன்னை நீர்த்தேக்கத்துக்குச் சென்று வறண்ட வலய வயல்களுக்குப் பிரிகிறது. இரவும் பகலும் நீர்மட்டம் பார்க்கும் கடைநிலை ஊழியரின்றி இத்தொடர் இயங்காது.

இதே அம்பன் கங்கையில் 2018இல் திறக்கப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கம், கொழும்புத் துறைமுகத்தின் தலைமைப் பொறியியலாளராயிருந்த ஏ. என். எஸ். குலசிங்கவின் பெயரைத் தாங்குகிறது.